கடலை எண்ணெயும் இதயமும்: விதைக்குள் மாறும் கொழுப்பு

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. இவ்வட்டாரத்திலிருந்து எங்கள் இதயநோய்ப் பிரிவுக்கு வருவோரில் பலர் அச்செய்தியைப் பெருமையோடு சொல்லக் கேட்டிருக்கிறோம். அதே ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு தொடங்கி 75 ஆண்டுகள் நிறைந்ததையொட்டி, ஊட்டச்சத்து மேம்படுத்தப்பட்ட 17 பயிர் இரகங்களைப் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். கிர்நார் 4, கிர்நார் 5 என்னும் இரண்டு நிலக்கடலை இரகங்களும் அவற்றுள் இருந்தன. இந்த இரண்டாம் செய்தியை எங்களிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

அவ்விரு இரகங்களின் சிறப்பு, பருப்புக்குள் இருக்கும் எண்ணெயின் தன்மையில் இருக்கிறது. ஒலிக் அமிலம் என்னும் கொழுப்பமிலம் வழக்கமான கடலை எண்ணெயில் 45 முதல் 50 விழுக்காடு வரை இருக்கும். இந்தப் புதிய இரகங்களில் அது ஏறத்தாழ 80 விழுக்காடு. ஆலிவ் எண்ணெயை உயர்த்திப் பேசுவோர் முதலில் எடுத்துக்காட்டுவது இந்த ஒலிக் அமிலத்தைத்தான்.

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்றுச் செல்வோரும் அவர்களின் குடும்பத்தாரும் எங்களிடம் மிகுதியாகக் கேட்கும் கேள்வி, எந்த எண்ணெய் வாங்குவது என்பதே. ஒரு வரியில் விடை சொல்லி அனுப்பிவிடலாம். அப்படித்தான் பல நேரங்களில் செய்கிறோம். ஆனால் அந்த ஒரு வரி வீடு போய்ச் சேர்வதற்குள் வேறொன்றாகிவிடுகிறது. "நல்ல எண்ணெய்க்கு மாறிவிட்டோம், ஆகவே கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிட்டோம்" என்று சொல்லிக்கொண்டு மீண்டும் நெஞ்சுவலியோடு வருவோர் இருக்கிறார்கள். எனவே எண்ணெய் எங்கே, எப்படி உருவாகிறது, அதை மாற்ற முடியுமா, மாற்றினால் நம் உடலுக்கு எவ்வளவு பயன் என்பதை இம்முறை சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

சோளத்தட்டையும் முள்ளும்

எண்ணெய், நெய், வனஸ்பதி, இறைச்சியின் கொழுப்பு ஆகிய அனைத்தும் அடிப்படையில் ஒரே அமைப்பு உடையவை. கிளிசரால் என்னும் சிறு மூலக்கூற்றில் மூன்று கொழுப்பமிலச் சங்கிலிகள் தொங்குகின்றன, அவ்வளவுதான். வேறுபாடு முழுவதும் அச்சங்கிலிகளில் இருக்கிறது. சங்கிலி எவ்வளவு நீளம், அதில் எத்தனை இடங்களில் வளைவு என்ற இரண்டு கேள்விகளுக்குள் எண்ணெய்களின் குணம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கரிசல் காட்டில் படப்பு போடுவோர்க்கு இதை விளக்குவது எளிது. சோளத்தட்டை நேரானது, அடுக்கினால் ஒன்றோடொன்று இறுகப் பொருந்தி நிற்கும். வேலிக்கருவை முள்ளை அப்படி அடுக்க முடியாது; கோணலும் வளைவும் இடைவெளியை விட்டுக்கொண்டே போகும். பூரிதக் கொழுப்பமிலங்கள் சோளத்தட்டை போன்றவை. வளைவே இல்லாத நேர்ச் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்படுவதால் அக்கொழுப்பு உறைகிறது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவதும் நெய் கட்டியாவதும் இதனால்தான். சங்கிலியின் நடுவே இரட்டைப் பிணைப்பு ஒன்று விழுந்தால் அவ்விடத்தில் சங்கிலி மடங்கும். ஒரு மடிப்பு உள்ளது ஒலிக் அமிலம். இரண்டு மடிப்பு உள்ளது லினோலிக் அமிலம். மூன்று மடிப்பு உள்ளது ஆல்ஃபா லினோலெனிக் அமிலம்; ஆளிவிதையில் மிகுதியாக இருப்பது இதுவே. மடிப்பு கூடக் கூட எண்ணெய் குளிரிலும் உறையாமல் இளகி நிற்கும். ஆனால் அதே அளவுக்கு விரைவாகக் கெட்டும் போகும். இந்த இரண்டாவது செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

விதைக்குள் நடப்பது

கடலைப் பருப்பு முற்றும்போது அதன் செல்களுக்குள் இச்சங்கிலிகள் புதிதாகக் கட்டப்படுகின்றன. இலை தயாரித்த சர்க்கரை வேர்க்காய்க்கு வந்து சேர்கிறது. அங்கே அது சிறு துண்டுகளாக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் இரண்டு கரியணுக்கள் என்ற கணக்கில் கோக்கப்படுகிறது. பதினாறு கரியணுக்களில் நின்றால் பால்மிடிக் அமிலம். பதினெட்டு வரை சென்றால் ஸ்டியரிக் அமிலம். இரண்டுமே பூரிதம். பிறகு ஒரு நொதி ஸ்டியரிக் அமிலத்தின் நடுவே முதல் மடிப்பைப் போடுகிறது. அது ஒலிக் அமிலம் ஆகிறது. அங்கிருந்து செல்லின் வேறொரு பகுதிக்குச் சென்றதும், எஃப்.ஏ.டி.2 என்று அறிவியலார் பெயரிட்டுள்ள மற்றொரு நொதி இரண்டாம் மடிப்பைப் போட்டு, ஒலிக்கை லினோலிக் ஆக்குகிறது. கடலையில் வேலை ஏறக்குறைய இத்துடன் முடிகிறது. ஆளியில் இன்னொரு நொதி மூன்றாம் மடிப்பையும் போடுகிறது.

மனித உடலால் முதல் மடிப்பைப் போட முடியும். இரண்டாவதையும் மூன்றாவதையும் போடும் நொதிகள் நம்மிடம் இல்லை. ஆகவேதான் லினோலிக், ஆல்ஃபா லினோலெனிக் ஆகிய இரண்டும் உணவின் வழியே கிடைத்தாக வேண்டிய கொழுப்பமிலங்கள் எனப்படுகின்றன. செடியின் வேலையை நம்பியே நாம் வாழ்கிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆக, ஒரு விதையின் எண்ணெயில் ஒலிக் எவ்வளவு, லினோலிக் எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த இரண்டாம் மடிப்பு நொதிதான். அது சுறுசுறுப்பாக இருந்தால் லினோலிக் கூடும். சோம்பினால் ஒலிக் தேங்கும். தட்பவெப்பமும் இதில் தலையிடுகிறது. விதை முற்றும் காலம் குளிர்ச்சியாக இருந்தால் லினோலிக் சற்று மிகும். வெப்பமாக இருந்தால் ஒலிக் மிகும். சூரியகாந்தியில் இது நன்கு அறியப்பட்ட செய்தி; கடலையிலும் காணப்படுவதே. ஒரே இரகம் ஒரு பருவத்தில் ஒரு மாதிரியும் மறு பருவத்தில் வேறு மாதிரியும் எண்ணெய் தருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஃபுளோரிடாவிலிருந்து வந்த ஒரு சோம்பல்

1980களில் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் தம்மிடமிருந்த கடலை வகைகளின் எண்ணெயைப் பகுத்துப் பார்த்தபோது, எஃப்435 என்று எண்ணிடப்பட்ட ஒரு வகையில் ஒலிக் அமிலம் 80 விழுக்காடு அளவில் இருப்பதைக் கண்டார்கள். 1987இல் அதை வெளியிட்டார்கள். அச்செடிக்குள் யாரும் எதையும் புகுத்தவில்லை. இயற்கையாக நேர்ந்த பிழையொன்றால் அதன் இரண்டாம் மடிப்பு நொதி செயலிழந்திருந்தது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நாம் பயிரிடும் நிலக்கடலை, தென் அமெரிக்காவின் இரண்டு காட்டுக் கடலை இனங்கள் வெகு காலத்துக்கு முன் கலந்து உண்டானது. இரண்டு முன்னோரின் மரபணுத் தொகுதிகளும் முழுமையாக அதற்குள் இருக்கின்றன. ஆகவே எஃப்.ஏ.டி.2 மரபணுவும் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று பழுதானால் மற்றொன்று வேலையைச் செய்துவிடும். எஃப்435இல் இரண்டும் பழுதாகியிருந்தன. அதனால்தான் அது அவ்வளவு அரிது. இத்தன்மையை வைத்து ஃபுளோரிடாவில் சன்ஒலிக் 95ஆர் என்னும் இரகத்தை உருவாக்கினார்கள்.

ஹைதராபாத்துக்கு அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் என்னும் பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம், அந்த சன்ஒலிக் கடலையைத் தன்னிடமிருந்த எண்ணெய் மிகுந்த கடலை வகைகளோடு கலப்புச் செய்தது. குஜராத்தின் ஜூனாகத்தில் உள்ள நிலக்கடலை ஆராய்ச்சி நிறுவனம் அதில் இணைந்து உழைத்தது. அவ்வூரை ஒட்டிய மலையின் பெயரே கிர்நார். கலப்பில் பிறந்த ஆயிரக்கணக்கான செடிகளில் எவற்றில் இரண்டு பழுதுகளும் ஒருங்கே சேர்ந்திருக்கின்றன என்பதை அறிய, செடி வளர்ந்து காய்த்து, எண்ணெய் எடுத்துச் சோதிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இளஞ்செடியின் இலைத் துணுக்கிலேயே மரபணுவைச் சோதித்துத் தேர்ந்துவிடலாம். இந்த வழியே கிர்நார் 4, 5 வந்தன. பயிரிடப் பரிந்துரைக்கப்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

இங்கே ஓர் ஐயத்தைத் தீர்த்துவிட வேண்டும். "அது மரபணு மாற்றுக் கடலையா, டாக்டர்?" என்று கேட்போருக்கு எங்கள் விடை: இல்லை. வேறோர் உயிரின் மரபணு இதில் சேர்க்கப்படவில்லை. ஒரு கடலைச் செடியின் மகரந்தம் இன்னொரு கடலைச் செடியில் சேர்ந்தது. தேர்வு மட்டும் நுண்மையாக நடந்தது. கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் 'கே' என்னும் எழுத்திட்டு வெளியிட்ட பருத்தி, சோள இரகங்களைத் தலைமுறைகளாக விதைத்தவர்கள் இவ்வட்டாரத்து மக்கள். அந்த இரகங்களும் தேர்ந்து பெருக்கியவையே. இதில் அச்சப்பட ஒன்றுமில்லை.

பருத்திக்கொட்டையின் கதை

உண்மையாகவே மரபணுப் பொறியியல் புகுந்த இடம் கரிசலுக்கு இன்னும் நெருக்கமானது: பருத்தி. பஞ்சைப் பிரித்தபின் எஞ்சும் கொட்டையில் எண்ணெயும் புரதமும் உண்டு. மாட்டுக்கு வைக்கிறோம், அரைத்துப் பருத்திப்பாலும் காய்ச்சுகிறோம். ஆனால் அக்கொட்டையில் காசிபால் என்னும் நச்சுப்பொருள் இருக்கிறது. பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் செடி தயாரிப்பது அது. எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது நீக்கப்படுகிறது. சீனத்தில் 1970களில் காசிபாலை ஆண்களுக்கான கருத்தடை மருந்தாக ஆய்ந்தபோது, சிலருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்ததைக் கண்டார்கள். செறிந்த மருந்தாக நாள்தோறும் உட்கொண்டவர்களிடம் காணப்பட்டது அது. எப்போதாவது ஒரு குவளை பருத்திப்பால் பருகுவோரைப் பற்றியதன்று. எனினும் இதயச் செயலிழப்புக்காகச் சிறுநீர் பிரியும் மாத்திரை உட்கொள்வோர் அதை நாள்தோறும் பருகும் வழக்கம் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அம்மாத்திரைகளில் சிலவும் பொட்டாசியத்தைக் குறைப்பவையே.

அமெரிக்காவின் டெக்சாஸில் கீர்த்தி ராத்தோர் என்னும் இந்திய வம்சாவளி அறிவியலாளர், கொட்டையில் மட்டும் காசிபால் உண்டாகாதபடி, இலையிலும் தண்டிலும் அது வழக்கம்போல இருக்கும்படி ஒரு பருத்தியை மரபணுப் பொறியியல் வழியே உருவாக்கி, 2006இல் அறிவித்தார். அங்கே 2018இல் பயிரிடவும் 2019இல் உணவாகப் பயன்படுத்தவும் இசைவு கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ., பருத்திக்கொட்டையின் இரண்டாம் மடிப்பு நொதியை அடக்கி, ஒலிக் மிகுந்த பருத்தி எண்ணெய் எடுக்க முடியும் என்பதை 2002இல் காட்டியது. கடலையில் இயற்கையின் பிழை செய்த அதே வேலையைப் பருத்தியில் ஆய்வகம் செய்தது எனலாம்.

இவையிரண்டும் நம் நாட்டுக் காட்டில் இல்லை. இந்தியாவில் வணிக முறையில் பயிரிடப்படும் மரபணு மாற்றுப் பயிர், 2002 முதல், பூச்சி எதிர்ப்புப் பருத்தி ஒன்றே. கடுகுக்கு 2022 அக்டோபரில் தரப்பட்ட நிபந்தனை இசைவு வழக்கில் சிக்கி, 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்புகளை அளித்தார்கள். அது பூச்சியையும் விளைச்சலையும் சந்தையையும் சட்டத்தையும் தொட்ட பெரிய விவாதம். ஒரு மருத்துவமனைச் செய்திமடல் தீர்த்துவைக்கக்கூடியதன்று. எண்ணெய் உண்பவரின் இதயத்தைப் பொறுத்தவரை, அதிலுள்ள கொழுப்பமிலங்களின் விகிதமே முதன்மையானது என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

உடலுக்குள் என்ன நடக்கிறது

இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து திரியும் துகள்களில் எல்.டி.எல். என்பது இதய இரத்தக்குழாயின் சுவரில் படிந்து அடைப்பை உண்டாக்குவது. அதை இரத்தத்திலிருந்து அள்ளி அகற்றும் வேலையைக் கல்லீரல் செய்கிறது. அதற்கென ஏற்பிகள் கல்லீரல் செல்களின் மேல் இருக்கின்றன. பூரிதக் கொழுப்பை மிகுதியாக உண்டால் இந்த ஏற்பிகள் குறைகின்றன. அள்ளும் கைகள் குறைந்தால் எல்.டி.எல். இரத்தத்தில் தேங்கும். பூரிதக் கொழுப்பைக் குறைத்து அவ்விடத்தில் ஒலிக்கையோ லினோலிக்கையோ வைத்தால் எல்.டி.எல். இறங்குகிறது.

'அவ்விடத்தில்' என்னும் சொல்லை நாங்கள் வேண்டுமென்றே அழுத்திச் சொல்கிறோம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 நவம்பரில், ஒலிக் அமிலம் 70 விழுக்காட்டுக்குக் குறையாத எண்ணெய்கள் இதய நோய் வாய்ப்பைக் குறைக்கக்கூடும் என்று சிட்டையில் அச்சிட இசைவளித்தது. ஆனால் இரண்டு நிபந்தனைகள் விதித்தது: பூரிதம் மிகுந்த கொழுப்புக்கு மாற்றாக உண்ண வேண்டும், நாளின் மொத்த ஆற்றல் கூடக் கூடாது. சான்றுகள் ஆதரவானவையே, முடிந்த முடிபல்ல என்பதையும் சேர்த்தே அச்சிடச் சொன்னது. நெய்த் தோசையும் வடையும் வழக்கம்போல உண்டுவிட்டு, மேலும் இரண்டு தேக்கரண்டி கடலை எண்ணெயை 'இதயத்துக்கு நல்லது' என்று சேர்த்தால் பயன் இல்லை. எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. செடி மாறலாம், இந்தக் கணக்கு மாறாது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எல்.டி.எல்.லைக் குறைப்பதில் லினோலிக் அமிலம் ஒலிக்குக்குச் சளைத்ததன்று; சற்று மேலானது என்றுகூடச் சொல்லலாம். அப்படியானால் லினோலிக்கைக் குறைத்து ஒலிக்கைக் கூட்ட இத்தனை பாடு எதற்கு? முன்னே நினைவில் வைக்கச் சொன்ன செய்தி இங்கே வருகிறது. காற்றுப் பட்டால் லினோலிக் அமிலம், ஒலிக்கைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கு விரைவாகக் கெடுகிறது. கடலை நாட்பட்டால் வரும் சிக்கு வாடையும் காறல் சுவையும் அதனால் உண்டாகின்றன. ஒலிக் மிகுந்த கடலையும் அதன் எண்ணெயும் பல மாதங்கள் கெடாமல் நிற்கும். பொரிக்கும் சூட்டையும் நன்கு தாங்கும். கடலைமிட்டாய் செய்வோர்க்கும் விற்போர்க்கும் இது பெரிய வரம்.

நோயாளிகளுக்கும் இதில் மறைமுகமான நன்மை உண்டு. முற்காலத்தில் எண்ணெய் கெடாமலிருக்க அதில் ஹைட்ரஜனை ஏற்றி வனஸ்பதி ஆக்கினார்கள். அதில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு, பூரிதக் கொழுப்பைக் காட்டிலும் இதயத்துக்குத் தீயது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரி முதல் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அதை 2 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தியுள்ளது. அவ்விடத்தை நிரப்பத் தகுந்தவை, ஹைட்ரஜன் ஏற்றாமலே நெடுநாள் நிற்கும் ஒலிக் மிகுந்த எண்ணெய்கள். கூடவே, கடலையில் ஒலிக் கூடும்போது பூரிதமான பால்மிடிக் அமிலம் ஓரளவு குறையவும் செய்கிறது.

ஆகவே எங்கள் கணிப்பு இது. வழக்கமான கடலை எண்ணெயே இதயத்துக்கு ஏற்றது. ஒலிக் மிகுந்த கடலை அதைவிடச் சற்று ஏற்றது; கெடாமல் நிற்பதில் மிகவும் ஏற்றது. பாமாயிலிலிருந்து சாதாரணக் கடலை எண்ணெய்க்கு மாறுவதில் கிடைக்கும் பயன், சாதாரணக் கடலையிலிருந்து புதிய கடலைக்கு மாறுவதில் கிடைப்பதைவிடப் பெரிது.

வீட்டுக் கணக்கு

நியாயவிலைக் கடையில் கிடைக்கும் பாமாயிலில் பூரிதக் கொழுப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு. கடலை எண்ணெயில் 20க்குள். நல்லெண்ணெயில் 15 அளவில். சூரியகாந்தியில் 11 அளவில். தேங்காய் எண்ணெயில் 90. பாமாயில் மலிவு, பல குடும்பங்கள் அதை நம்பியே சமைக்கின்றன, அதை விட்டுவிடுங்கள் என்று சொல்லுவது எளிது, வாங்குவது எளிதன்று. அத்தகைய குடும்பத்தில் மாரடைப்பு வந்தவர் ஒருவர் இருந்தால், எண்ணெயின் மொத்த அளவைக் குறைத்து, மிஞ்சும் பணத்தில் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ வாங்கித் தாளிக்கப் பயன்படுத்தச் சொல்கிறோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து தேக்கரண்டி, அதாவது 25 மில்லி. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்று லிட்டர். எங்களிடம் வரும் குடும்பத்தாரிடம் கேட்டால் ஐந்து, ஆறு லிட்டர் என்கிறார்கள். முதலில் குறைக்க வேண்டியது அங்கே.

செக்கு எண்ணெய் மணமானது. வாங்க இயன்றவர் வாங்கலாம். ஆனால் செக்கில் ஆட்டுவதால் கொழுப்பமில விகிதம் மாறிவிடுவதில்லை. அந்த விகிதம் காட்டிலேயே, காய் முற்றும்போதே முடிவாகிவிட்டது. 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று சிட்டையில் அச்சிட்டிருப்பதைக் கண்டு கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. எந்தத் தாவர எண்ணெயிலும் பொருட்படுத்தத் தக்க கொலஸ்ட்ரால் கிடையாது. அதற்குப் பதிலாக, பின்புறம் சிறிய எழுத்தில் உள்ள பூரிதக் கொழுப்பின் அளவையும், ஒற்றைப் பூரிதமற்ற கொழுப்பின் அளவையும் படியுங்கள். பின்னது 100 கிராமுக்கு 70 கிராமுக்கு மேல் இருந்தால் அது ஒலிக் மிகுந்த எண்ணெய்.

ஒருமுறை பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் சுட வைப்பது எல்லா எண்ணெயையும் கெடுக்கும். ஒலிக் மிகுந்தது மெதுவாகக் கெடும். கெடாது என்று பொருளில்லை. பூஞ்சை பிடித்த கடலையைப் பற்றியும் ஒரு சொல். மானாவாரிக் கடலை முற்றும் தறுவாயில் மழை பொய்த்தாலும், பறித்த காய் நன்கு உலரும் முன் மழையில் நனைந்தாலும் அஃப்ளாடாக்ஸின் என்னும் கல்லீரல் நஞ்சை உண்டாக்கும் பூஞ்சை அதில் ஏறக்கூடும். புதிய இரகம் என்பதால் இதிலிருந்து தப்புவதில்லை. நிறம் மாறிய, சுருங்கிய, கசக்கும் பருப்பை வறுத்தாலும் நஞ்சு முழுதும் போகாது, பொறுக்கி எறிந்துவிடுங்கள்.

மாத்திரையைப் பற்றி நாங்கள் சொல்ல வேண்டியது மிகச் சிறிது. உணவில் பூரிதக் கொழுப்பை நன்கு குறைத்தால் எல்.டி.எல். ஏறத்தாழ பத்து விழுக்காடு, சிலருக்கு அதற்கும் சற்று மேல் இறங்கும். ஸ்டாடின் மாத்திரை, அளவைப் பொறுத்து, 30 முதல் 50 விழுக்காடு வரையும் அதற்கு மேலும் இறக்கும். மாரடைப்பு வந்தவருக்கு எல்.டி.எல். 70 மில்லிகிராமுக்குக் கீழே, பலருக்கு 55க்கும் கீழே இருக்க வேண்டும். எண்ணெயை மட்டும் மாற்றி அந்த எண்ணைத் தொட்டவர் அரிது. மாத்திரையால் தசைவலியோ வேறு தொல்லையோ இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

ஒமேகா 3 பற்றியும் பலர் கேட்கிறார்கள். கடல்மீனில் உள்ள நீண்ட ஒமேகா 3 அமிலங்களை எந்த நிலப்பயிரும் இயல்பாகத் தயாரிப்பதில்லை. ஆளிவிதையில் உள்ளதை நம் உடல் அவ்வடிவத்துக்கு மாற்றுவது மிகச் சிறு பங்கே. ஆஸ்திரேலியாவில் கடற்பாசி நுண்ணுயிர்களின் மரபணுக்களைச் சேர்த்து, அவ்வமிலத்தை விதையிலேயே தயாரிக்கும் கனோலாப் பயிரை உருவாக்கி, 2018இல் இசைவும் பெற்றிருக்கிறார்கள். கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடிக் கடல் அறுபது கிலோமீட்டர் தொலைவுதான். மீன் உண்போர் வாரம் இருமுறை சாளை மீனைக் குழம்பு வைத்து உண்டால் அதே சத்து மலிவாகக் கிடைக்கும், பொரிக்க வேண்டாம்.

இனிக் கடலைமிட்டாய். இதய நோயாளி உண்ணலாமா என்றால், உண்ணலாம். அதிலுள்ள கொழுப்பில் பெரும்பகுதி மேலே சொன்ன நல்ல வகையே. ஆனால் பாதிக்குச் சற்றுக் குறைவாக அதில் இருப்பது வெல்லம். நீரிழிவு உள்ளவர் உடலில் வெல்லமும் சர்க்கரையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அவர்கள் உப்பிடாத அவித்த கடலையையோ வறுத்த கடலையையோ ஒரு கைப்பிடி உண்பது மேல். சிறுநீரகம் பழுதானவர்கள் கடலையில் உள்ள பொட்டாசியம், பாஸ்பரஸ் காரணமாக எங்களிடம் கேட்டே உண்ண வேண்டும். இரத்தத்தில் டிரைகிளிசரைடு 500க்கு மேல் உள்ளவர்களுக்கு எண்ணெயின் வகையைவிட மொத்தக் கொழுப்பின் அளவே முதற்கேள்வி. அவர்களுக்கு உணவியல் பிரிவில் தனி அட்டவணை தருகிறோம். அடுத்த முறை மறுபரிசோதனைக்கு வரும்போது, வீட்டில் மாதம் எத்தனை லிட்டர், எந்த எண்ணெய் வாங்குகிறீர்கள் என்பதை ஒரு தாளில் குறித்து வாருங்கள். இரத்தப் பரிசோதனை முடிவோடு சேர்த்துப் பார்த்து, உங்கள் வீட்டுக்கு ஏற்ற அளவைச் சொல்கிறோம்.